காய்ச்சல் பார்க்கும் பாஸ்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி தனியாருக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இலங்கையின் மலைப்பாதைகளில் ஏறி இறங்கியவை ஏற்கெனவே களைத்துப்போயிருந்த வான்கள். என் நண்பனுடையதும் அவற்றில் ஒன்று. ஓட்டோ கியர் போட்ட கேடிஎச் வான். கண்டியில் ஆள் ஏற்றி நுவரெலியாவில் இறக்குவது அவன் பிழைப்பு. 2022இல், டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ நோக்கி ஓடிக்கொண்டிருந்த மாதங்களில், ரம்பொடை வளைவொன்றில் இன்ஜின் உறுமியது, வான் நகரவில்லை. கியர்ப் பெட்டி போய்விட்டது. கடன் வாங்கி வேறு பெட்டி போட்டான். இரண்டு வருடத்தில் அதுவும் இழுக்க மறுத்து அடம்பிடிக்கத் தொடங்கியது.

"கம்பளைல ஒரு பாஸ் இருக்காரு மச்சான். அவர மொதல்லயே பார்த்திருந்தா இவ்வளவு கடன் வந்திருக்காது" என்றான். அவனோடு நானும் போனேன்.

தகரக் கூரை போட்ட சின்ன கராஜ். சுவரோரம் பித்தளை ரேடியேட்டர்கள் அடுக்கிக் கிடந்தன. ஆசிட்டும் நவச்சாரமும் கலந்த நெடி தொண்டையைப் பிடித்தது. பாஸுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்த காரியத்தைக் கேட்டதும் அளவுக்கம்பியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் ஒயிலைத் தொட்டு வைத்தார். சிவப்பாக இருக்கவேண்டியது தேயிலைச் சாயம்போலப் பரவியது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். அடிப்பிடித்த சோற்றின் வாசம்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். உள்ளே பலூடா நிறத்தில் ஏதோ இருந்தது. ஓட்டோ கியர் வண்டிகள் பலவற்றில் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே போகும். அந்தக் குழாய் உள்ளே அரித்துவிட்டால் தண்ணீரும் ஒயிலும் கலந்து இப்படி ஆகிவிடும். "இந்தக் கலர் வந்திருச்சுன்னா, பெட்டியும் போயிருச்சுன்னு வச்சுக்கங்க சார்" என்றார்.

ஏற்றத்தில் பெட்டி ஏன் கொதிக்கிறது என்பதை அவர் விளக்கிய விதம் எனக்கு இன்றும் மனதில் நிற்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைச் சுழலவிட்டால் அதன் காற்றில் மற்றது சுழலும். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே நடப்பது அதுதான், காற்றுக்குப் பதில் ஒயில். சமதரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சுழலும். ஏற்றத்தில் பாரத்தோடு மெதுவாகப் போகும்போது ஒன்று வேகமாகவும் மற்றது தயங்கியும் சுற்றும். அந்த வித்தியாசத்தில் வீணாகும் சக்தி ஒயிலில் சூடாகச் சேர்கிறது. அதைத் தணிக்க வேண்டிய ரேடியேட்டர் தண்ணீரே அந்த நேரத்தில் 90 பாகை தாண்டிக் கிடக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடைசி வளைவு வரை ஒயிலுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஓட்டுகிறவனுக்கு முன்னால் இன்ஜின் சூட்டைக் காட்ட முள் இருக்கிறது. பெட்டியின் சூட்டைக் காட்ட முள் இல்லை.

நண்பன் உடனே பெட்டி ஒயிலைக் காற்றில் ஆறவைக்கும் தனிக் கூலரைப் பூட்டச் சொன்னான். பாஸ் சம்மதிக்கவில்லை. "மொதல்ல காய்ச்சல் எவ்வளவுன்னு பார்ப்போம் தம்பி. பொறகு மருந்து."

பெட்டியிலிருந்து சூடான ஒயில் வெளியே வரும் குழாயை அறுத்து, பித்தளையில் கடைந்த மூன்றுவாய்த் துண்டு ஒன்றை நடுவில் சேர்த்தார். அதன் மூன்றாவது வாயில் சூடு அறியும் சென்சர். பைப் வேலையில் எல்லோரும் சுற்றும் வெள்ளை டேப்பை அவர் சுற்றவில்லை. அந்தச் சென்சருக்கு எர்த் அதன் மரையிலேயே கிடைக்கிறது. டேப் சுற்றினால் தொடர்பு கெட்டு முள் பொய் சொல்லும். கம்பித் தூரிகையால் மரையை மினுங்கும்வரை தேய்த்து, கையால் ஏற்றி, கடைசி அரைச் சுற்றை மட்டும் ஸ்பேனரால் முறுக்கினார். வயர் வேலையை ஒரு பையன் வந்து செய்து, ஓட்டுகிறவனுக்கு முன்னால் புது முள்ளைப் பொருத்தினான்.

பக்கத்துக் கடையில் எட்டு மூட்டை சீமெந்து இரவல் வாங்கி ஏற்றச் சொன்னார். ஆளில்லாத வானை ஏற்றிப் பார்ப்பது சோதனை ஆகாதாம். புசல்லாவை நோக்கி ஏறினோம். 80இல் இருந்த முள் சீராக ஏறி 100ஐத் தொட்டது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 126இல் பாஸ் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இன்ஜினை அணைக்க விடவில்லை. நியூட்ரலில் போட்டு ஓடவிட்டு, ஒயில் சுற்றிச் சுற்றி ஆறும்வரை காத்திருந்தோம். நண்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சூட்டோடுதான் இத்தனை வருடமும் தினம் தினம் ஏறியிருக்கிறான்.

அங்கே நின்றபோதுதான் பாஸ் தன் கதையைச் சொன்னார். கீழே தெரிந்த தேயிலை மலையில்தான் அவருடைய தாயும் தகப்பனும் வேலை செய்தார்கள். பதினாலு வயதில் லயத்தை விட்டுக் கம்பளைக்கு இறங்கி, ஒரு சிங்கள பாஸிடம் ரேடியேட்டர் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வருடம் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ரேடியேட்டரை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறதென்று பார்க்கும் வேலைதான். இரண்டாம் வருடம் சூட்டுக்கோலைத் தொடவிட்டார்கள். நெருப்பு பச்சையாகும்போது கோலின் செம்பு தயார் என்பது பாடம். அந்தத் தொழிலில் வீடு கட்டினார், மகளைப் படிக்கவைத்தார். பிறகு பிளாஸ்டிக் தலையும் அலுமினிய உடம்புமாக ரேடியேட்டர்கள் வந்தன. அலுமினியத்தில் அவருடைய ஈயம் ஒட்டாது. உடைந்தால் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். ஈய வேலை குறையக் குறைய, சூட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வைத்து இந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னார்.

கராஜுக்குத் திரும்பி, கூலர் பூட்டுமுன் பழைய ஒயில் குழாய்களுக்குள் அழுக்கெடுக்கும் திரவத்தை ஊற்றிக் காற்றடித்துக் கழுவினார். துணியில் விழுந்தது பொன்துகள்போல மின்னியது. செத்துப்போன முதல் பெட்டியின் தேய்மானத்தூள். இரண்டாவது பெட்டியைப் போட்டவர்கள் குழாயைக் கழுவவே இல்லை. அந்தத் தூள்தான் நேராகப் புதுப்பெட்டிக்குள் போயிருக்கிறது.

எனக்கு அங்கே வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பெட்டியை விற்ற கடைக்காரர், பொருத்திய மெக்கானிக்குக்குக் கமிஷன் கொடுத்தார். ஒரு மாத உத்தரவாதம் என்று கடதாசி எழுதினார். கூலர் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராத சாமான் அது; அதில் அவருக்கு என்ன மிஞ்சும்? முதல் பெட்டி ஏன் போனது என்று கேட்காமல் இரண்டாவதை விற்பது வியாபாரம் இல்லை, கொள்ளை. கடன்பட்ட டிரைவரின் அறியாமையை வைத்துச் சம்பாதிக்கிறார்கள். வண்டி போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தே செய்கிறார்கள். அந்த வீட்டைக் காப்பாற்றும் பாஸ் கேட்டதோ ஒன்றரை நாள் கூலி.

ஏசி கண்டென்சருக்கு முன்னால், காற்று நேராக மோதும் இடத்தில் கூலர் உட்கார்ந்தது. சட்டியின் மூடி அளவு அலுமினியத் தட்டு. ரேடியேட்டரிலிருந்து திரும்பிவரும் ஒயில் இதற்குள் புகுந்து ஆறிய பிறகே பெட்டிக்குப் போகும். சில இடங்களில் பிளாஸ்டிக் பட்டியால் கட்டிவிடுவார்கள். அது உராய்ந்து உராய்ந்து தட்டை ஓட்டையாக்கிவிடும். பாஸ் தட்டை இரும்பில் நான்கு கால் வளைத்து, இடையில் டயர் டியூப் துண்டு வைத்து முறுக்கினார்.

அதே எட்டு மூட்டை, அதே ஏற்றம். முன்பு ஓரம் கட்டிய இடத்தை முள் 103இல் தாண்டியது. நண்பன் ஒன்றும் பேசவில்லை. புசல்லாவையில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான்.

கம்பளைக்கு இறங்கியபோது கராஜ் வாசலில் ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறி நின்றது. பித்தளை ரேடியேட்டர், அடித்தொட்டியில் ஒழுக்கு. பாஸ் கணக்குப் பேசுவதை விட்டுவிட்டு ஊதுவிளக்கைக் கொளுத்தினார். என் கை முட்டியளவு செம்புத்தலை கொண்ட சூட்டுக்கோலை அதில் நீட்டிக் காத்திருந்தார். நீலச் சுவாலையின் ஓரம் மெல்லப் பச்சையானது. நவச்சாரக் கட்டியில் ஒரு இழுப்பு, வெள்ளைப்புகை. செம்பின் முனை வெள்ளிபோல ஒளிர, ஈயம் தையலுக்குள் தண்ணீராக ஓடியது.