பகலில் வரும் ஆவி

பேய்க்கு உரிய நேரம் இரவு என்று கேட்டுத்தான் நாமெல்லோரும் வளர்ந்திருக்கிறோம். புளியமரத்துப் பேயானாலும் சரி, பாழுங்கிணற்றுப் பேயானாலும் சரி, ஊர் அடங்கிய பிறகுதான் அதற்குத் தைரியம் வரும். லண்டன் நகரத்தில் ஒரு நாடகக் கொட்டகையில் மட்டும் இந்தச் சம்பிரதாயம் தலைகீழாக இருக்கிறது. ட்ரூரி லேன் தியேட்டர் ராயல் என்பது அதன் பெயர். அங்கே உள்ள ஆவி காலை 10 மணிக்கு மேல் வந்து, மாலை 6 மணிக்குள் போய்விடுமாம். உத்தியோகஸ்தர் மாதிரி!

முக்கோணத் தொப்பி, மாவு பூசிய பொய்முடி, சாம்பல் நிறத்தில் நீண்ட அங்கி, இடுப்பில் வாள். மேல்மாடத்து ஆசனங்களுக்குப் பின்னால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து, சுவருக்குள் மறைந்துவிடும். யாரிடமும் பேசாது. அதைக் கண்டு நடிகர்கள் பயப்படுவதில்லை, சந்தோஷப்படுகிறார்கள். ஒத்திகை நடக்கும்போது அது தென்பட்டால் நாடகம் பல நாள் ஓடும் என்று நம்பிக்கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலையாட்கள் மேல்மாடத்துச் சுவரை இடித்தபோது, உள்ளே ஓர் எலும்புக்கூடும் அதன் விலாவில் ஒரு கத்தியும் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்த மனிதன்தான் இந்த ஆவியாம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஆவியின் உடுப்பு பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று நிற்கிற கட்டடமோ 1812இல் திறந்தது. உள்ளே ஜனங்கள் உட்காரும் மண்டபத்தை 1922இல் மறுபடியும் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். தான் வாழ்ந்த காலத்தில் இல்லாத மாடத்தில் அந்தப் பிரபு எப்படி வழி தவறாமல் நடக்கிறார்?

அந்த இடத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. முதல் கொட்டகை 1663இல் திறந்து, 1672இல் எரிந்துபோயிற்று. இரண்டாவது 1674இல் எழுந்தது. அதை 1791இல் இடித்துவிட்டு இன்னும் பெரிதாக ஒன்றைக் கட்டி 1794இல் திறந்தார்கள். தீ பரவாமல் தடுக்க இரும்புத் திரையும், கூரை மேல் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். 1809 பிப்ரவரியில் ஒரே இரவில் அதுவும் சாம்பலாயிற்று. அதன் சொந்தக்காரர் ஷெரிடன் நாடகாசிரியர், பார்லிமெண்டு அங்கத்தினரும்கூட. பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, தம் வீட்டு அடுப்பங்கரையில் குளிர்காய்கிற மாதிரி மது அருந்திக்கொண்டே அந்தத் தீயைப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் புதிய கொட்டகையின் நிர்வாகத்தில் அவருக்கு இடம் இல்லை. 1816இல் கடனாளியாகவே இறந்தார்.

நான்கு தடவை கட்டி, இரண்டு தடவை எரிந்த இடம். சொந்தக்காரர் கதி இதுவென்றால், தையற்காரனும் விளக்குப் போடுகிறவனும் என்ன ஆவார்கள்? நாடகம் ஓடினால் சோறு, ஓடாவிட்டால் தெரு. அப்படிப்பட்டவர்களுக்கு, 'பயப்படாதே, இது ஓடும்' என்று சொல்ல யாராவது வேண்டியிருக்கிறது. மனிதர்கள் யாரும் அந்த உத்தரவாதத்தைத் தரமாட்டார்கள். ஆகவே ஓர் ஆவியை வைத்துக்கொண்டார்கள். கட்டடம் மாறினாலும் அது வழி தவறாமல் நடப்பதன் ரகசியம் இதுதான்.

மற்ற ஆவிகளும் உபகாரிகளே. கோமாளி கிரிமால்டி குட்டிக்கரணம் போட்டுப் போட்டே கால்கள் வீணானவர். 1828இல் இந்த மேடையில்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசி முறையாக நடித்தார். தப்பான இடத்தில் நிற்கும் நடிகரை அவருடைய ஆவி பின்னாலிருந்து செல்லமாக உதைத்துச் சரியான இடத்துக்குத் தள்ளுமாம்! ஹாஸ்ய நடிகர் டான் லீனோ சித்தம் கலங்கி, 1904இல் தமது 43ஆம் வயதில் இறந்தவர். திடீரென்று லாவெண்டர் வாசனை வீசினால் அவர் வந்திருக்கிறார் என்று அர்த்தமாம்.

ஆனால் ஒருவர் மட்டும் என் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். 1735 மே மாதம், ஒரு பொய்முடி யாருக்கு என்று மாக்ளின், தாமஸ் ஹாலம் என்ற இரண்டு நடிகர்களுக்குள் சண்டை வந்தது. கோபத்தில் மாக்ளின் வீசிய கைத்தடி ஹாலமின் கண்ணில் பாய்ந்தது; அவர் பிழைக்கவில்லை. வேண்டுமென்று செய்த கொலை அல்ல என்று தீர்ப்பாயிற்று. மாக்ளின் மறுபடி மேடை ஏறினார். 1741இல் ஷைலக் வேஷம் கட்டிப் பெரும் புகழ் பெற்றார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1797இல் இறந்தார்.

இன்று அந்தக் கொட்டகையில் உலவுவதாகச் சொல்வது யாருடைய ஆவி தெரியுமா? செத்த ஹாலமுடையது அல்ல, மாக்ளினுடையது.

நம் ஊர்க் கணக்குப்படி, அகாலத்தில் மாண்டவர்கள்தானே அலைய வேண்டும்? ஆனால் ஹாலம் வந்தால் யாருக்கு என்ன லாபம்? நாடகம் ஓடும் என்று அவர் சொல்லமாட்டார்; 'என் பொய்முடி எங்கே?' என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியை யாரும் விரும்புவதில்லை. சரித்திரம் பெரிய மனிதர்களுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்று குறை சொல்கிறோம். பேய்க் கதையும் அதையேதான் செய்கிறது.

2021இல் அந்தக் கொட்டகையை வெகுவாகப் புதுப்பித்துத் திறந்தார்கள். சாம்பல் நிறப் பிரபு தாராளமாக வந்து போகட்டும், நாடகங்கள் ஓடட்டும். ஆனால் கதை எழுதுகிறவன் பேனாவை எடுத்தால் முதலில் நினைக்க வேண்டியது, ஆவியாகக்கூட இடம் கிடைக்காத ஹாலமைத்தான்.