எள்ளலும் அன்பும்

மெய்ப்பாடுகள் எட்டனுள்ளும் நகையை முதற்கண் வைத்தவர் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களை எண்ணப் புகுந்தவிடத்தும் எள்ளலையே அவர் முதலில் நிறுத்தினார். எள்ளலாவது இகழ்தல் என்று வகுப்பறையிற் பொருளுரைத்து நாம் அப்பாற் சென்றுவிடுகின்றோம். ஆயின், தான் பெரிதும் நேசிக்கும் பொருளையே ஒருவன் எள்ளி நகையாடும்போது அஃது எவ்வகை எள்ளல்? இகழ்ச்சியோ, அன்றி அன்பின் வேறொரு வடிவமோ? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது இலக்கண நூல் அன்று. விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அவற்றின் அன்பர்களே வரைந்த கேலிச்சித்திரங்கள்.

தமிழாசிரியன் ஒருவனுக்கும் விண்கலங்களுக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். தொடர்பு பிந்தி வந்ததேயாகும். 1990 ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. எங்கள் தலைமுறையினர் குப்பி விளக்கொளியிற் படித்தவர்கள். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி துணி போர்த்த ஒரு தளபாடமாகவே மூலையிற் கிடந்தது. பின்னாளில், இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, அறிவியற் புனைகதை அன்பர்கள் நடத்திய சிறு சஞ்சிகைகள் சிலவற்றை என்னிடம் தந்து சென்றார். தொடர்களைப் பார்க்குமுன்னரே அவற்றைக் கேலி செய்யும் படங்களைப் பார்த்தவன் நான். கேலி விளங்கவேண்டும் என்பதற்காகவே பின்னர் தொடர்களைத் தேடிப் பார்க்கலானேன்.

'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொடர் 1966 செப்டெம்பர் 8 ஆம் திகதி தொடங்கி, 79 கதைகளோடு 1969 இல் நின்றது. அதன் அன்பர்களுக்கென எழுந்த முதற் சஞ்சிகையாகிய 'ஸ்பொக்கனேலியா' 1967 இலேயே வெளிவந்துவிட்டது. இத்தகைய ஏடுகளுட் பல அச்சகத்திற் பிறந்தவை அல்ல. நம் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை வினாத்தாள்களைப் பிரதி செய்த றோணியோவின் இனத்தைச் சேர்ந்த பொறிகளிலேயே அவை உருவாயின. மெழுகுத் தாளிலே கூரிய ஆணியாற் கீறிப் படம் வரைதல் வேண்டும். கை சற்று அழுந்தினால் தாள் கிழியும். சிறு வட்டமொன்றை முழுமையாக வெட்டிவிட்டால் அதன் நடுப்பகுதி உதிர்ந்து, பிரதியில் மைக்குளமாகத் தோன்றும். ஆகவே, சில கோடுகளிலே முகத்தையும் காட்டி நகைப்பையும் விளைவிக்கும் ஆற்றல் இவ்வோவியர்களுக்கு இன்றியமையாததாயிற்று.

இக்கலையை எவரும் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கவில்லை. அறிவியற் புனைகதைக்கு வழங்கப்படும் 'ஹியூகோ' பரிசுகளில், அன்பர் ஓவியருக்கெனத் தனிப் பரிசொன்று 1967 முதல் வழங்கப்பட்டு வருகின்றது. 'ஸ்டார் ட்ரெக்' பற்றிய கேலிச்சித்திரங்களால் அறியப்பட்ட பில் ஃபோலியோ 1977 இலும் 1978 இலும் அதனைப் பெற்றார். வில்லியம் ரொட்ஸ்லர் என்பார் 1975, 1979, 1996, 1997 என நான்கு முறை பெற்றார். இவர் செய்த வேறொரு காரியம் எனக்கு மிகவும் உவப்பானது. அத்தொடரில் வரும் உஹுரா என்னும் பெண் அதிகாரிக்கு அந்த ஒரு பெயரேயன்றி வேறு பெயர் சொல்லப்படவில்லை. ரொட்ஸ்லர் 1982 இல் எழுதிய நூலொன்றில் அவளுக்கு 'நியோட்டா' என்று பெயரிட்டார். சுவாகிலி மொழியில் அதன் பொருள் விண்மீன் என்பதாம். 2009 இல் வந்த திரைப்படம் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. நகையாட வந்தவர் நாமகரணமும் செய்துவிட்டார்!

இனி, அவர்கள் எவற்றைக் கண்டு நகைத்தனர் என்பதைப் பார்ப்போம். அறியாத கோளொன்றிற்கு ஆள் அனுப்பவேண்டுமாயின், கப்பலின் தலைவர் கேர்க், அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்பொக், வைத்தியர் ஆகிய மூவரும் தாமே இறங்கிப் போவர். கப்பலை யார் பார்ப்பது என்ற கவலை அவர்களுக்குக் கிடையாது. அவர்களோடு செஞ்சட்டை அணிந்த காவலர் ஒருவரும் செல்வார். மூவரும் திரும்பி வருவர். செஞ்சட்டைக்காரர் பெரும்பாலும் திரும்பார். புராணப் போர்களிலே பெயரின்றி மடியும் படைவீரரை நாம் அறிவோமல்லவா? அவர்தம் வழித்தோன்றலே இவர். இந்நகைப்பு வளர்ந்து வளர்ந்து, 2012 இல் ஜோன் ஸ்கால்சி என்பவரால் 'செஞ்சட்டைகள்' எனப் பொருள்படும் தலைப்பில் முழு நாவலாயிற்று. அந்நாவல் மறு ஆண்டு 'ஹியூகோ' பரிசும் பெற்றது.

பிரித்தானியாவிலோ 1963 நவம்பர் 23 ஆம் திகதி பீ.பீ.சீ. தொடங்கிய 'டொக்டர் ஹூ' தொடர் வேறொரு நகைப்புக்கு இடம் தந்தது. அண்டத்தையே வெல்லத் துடிக்கும் கொடியோர் டாலெக்குகள். பார்ப்பதற்குக் கவிழ்த்து வைத்த பெரிய மிளகுக் குப்பி போன்றவர்கள், கால்கள் இல்லை. உள்ளே ஒரு நடிகர் அமர்ந்து, சமதளத்தில் உருட்டிச் செல்வார். அப்படியாயின் படிக்கட்டைக் கண்டால் என் செய்வர்? இக்கேள்வி நாடெங்கும் வழங்கி, 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை ஏட்டிலும் படிக்கட்டின் அடியிலே திகைத்து நிற்கும் டாலெக்குகளின் சித்திரமாயிற்று. 1988 இல் ஒளிபரப்பான கதையொன்றில், டாலெக் ஒன்று நிலத்தினின்றும் எழும்பி மிதந்தவாறே மாடிப்படி ஏறிற்று. பல்லாண்டுக் கேலிக்குத் தொடரே விடையிறுத்தது.

நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்றொன்று உண்டு. பழிப்பதுபோலப் புகழ்தல் அதன் ஒருவகை. அதில் வல்லவர் காளமேகப் புலவர். இச்சித்திரங்களும் அவ்வகையினவே என்று முதலில் எண்ணினேன். ஆழ்ந்து நோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். வஞ்சப்புகழ்ச்சியிற் பழிப்பு வெறும் போர்வை; நீக்கினால் உள்ளே புகழ் இருக்கும். இங்கோ பழிப்பும் மெய்யே. டாலெக்கினாற் படியேற இயலவில்லை என்பது உண்மைக் குறைபாடுதானே? புகழ் எங்கே உள்ளதெனின், அக்குறையைக் கண்ட கண்ணில் உள்ளது. அயலான் ஒரு கதையைப் பார்த்துவிட்டு, அட்டைப் பாறையென்று சிரித்து எழுந்து போய்விடுவான். எத்தனையாவது கதையில் எந்தச் செஞ்சட்டைக்காரர் மாண்டார் எனச் சொல்லவல்லவன், அத்தனை கதைகளையும் மீண்டும் மீண்டும் இருந்து பார்த்தவனேயாவான்.

இவ்வளவும் கடல் கடந்த செய்தி. அதன் பயனை நான் கண்டது நம் பாடசாலையிலேயே. சென்ற ஆண்டு தரம் பத்து மாணவன் ஒருவனது கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் ஆசிரியர் அறையிற் கைமாறி வந்தன. நம் கல்லூரியை அவன் விண்கலமாக வரைந்திருந்தான். அதிபர் தலைவரின் ஆசனத்தில். கணித ஆசிரியர் கூர்ங்காதுகளுடன் அருகில். அடியேன் வேற்றுக்கோள் வாசிகள் மூவரை வாங்கிலில் இருத்தி, குற்றியலுகரம் கற்பித்துக்கொண்டிருந்தேன், மூவரும் உறக்கம். மாணவத் தலைவர்களுக்குச் செஞ்சட்டை!

ஒறுக்கவேண்டும் என்றார் சிலர். நான் படத்தை மீண்டும் பார்த்தேன். வெண்கட்டியை இரண்டாக முறித்துச் சிறு துண்டினால் எழுதுவது என் வழக்கம். படத்தில் என் கையில் இருந்தது அரைத்துண்டு வெண்கட்டி. மண்டபத்தின் மூன்றாவது யன்னலிற் கண்ணாடி இல்லை. விண்கலத்தின் மூன்றாவது யன்னலிலும் இல்லை. வெறுப்பவனுக்கு இவ்வளவு கூர்மையாகப் பார்க்கப் பொறுமை இராது. இதனை அதிபரிடம் எடுத்துரைத்தேன். அவர் சிரித்துவிட்டார், கொப்பி உரியவனிடம் திரும்பிற்று.

ஆயினும் அதே கொப்பியில் வேறொரு படமும் இருந்தது. கொன்னிப் பேசும் சக மாணவன் ஒருவன் பழுதுபட்ட இயந்திர மனிதனாக அதில் வரையப்பட்டிருந்தான். அப்பக்கத்தை மாத்திரம் கிழித்தெடுத்து, வரைந்தவனைத் தனியே அழைத்துப் பேசினேன். அதிபரும் ஆசிரியரும் கல்லூரியும் கேலியைத் தாங்கவல்லோர். படியேறும் டாலெக்கைப் போல விடையும் இறுக்கவல்லோர். அந்தச் சிறுவன் அத்தகையன் அல்லன். எள்ளலுள் அன்பு எது, கொடுமை எது என்று மாணவர் கேட்டால், வரைந்தவன் எதனை எவ்வளவு அறிந்து வரைந்தான் என்பதை மட்டுமன்றி, வரையப்பட்டவன் சேர்ந்து சிரிக்க இயலுமா என்பதையும் பார்க்கச் சொல்வேன்.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த றோணியோ ஏடுகள் இன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்திலும், அயோவாப் பல்கலைக்கழகத்திலும் பேணப்படுகின்றன. நம் வகுப்புகள்தோறும் கையெழுத்துப் பத்திரிகைகள் நடந்தன. அவற்றிலும் ஆசிரியர்களைக் கேலி செய்யும் சித்திரங்கள் இருந்தன. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு நம்மிற் பலர் அவற்றை இழந்தோம். எவர் வீட்டுப் பெட்டகத்திலேனும் ஒரு பிரதி தப்பியிருப்பின், அன்றி அதன் ஒரு தாளேனும் கிடைப்பின், கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி உதவுவீர்களாக. இந்த விழா மலரில் வாழ்த்துரைகள் பல இடம்பெறும். நம்மைக் கூர்ந்து பார்த்துச் சிரித்தவர்களின் ஏடுகளும் அவற்றோடு ஒரே அலுமாரியில் இருத்தல் வேண்டும்.