முந்நூற்று முப்பது கோடி

நெய்வேலிப் படுகையில், ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்துக்குள், 330 கோடி டன் பழுப்பு நிலக்கரி புதைந்து கிடக்கிறது என்னும் வாக்கியம் இந்த நகரியத்தில் மந்திரம்போல் எவர் வாயிலிருந்தும் தடையின்றி வருகிறது. பதுமம் என்றும் வெள்ளம் என்றும் பேரெண்களுக்குப் பெயர் சூட்டி மகிழ்ந்த மரபினராகிய நமக்கு, பெரிய எண்ணை உச்சரிப்பதில் என்றுமே சிரமம் இருந்ததில்லை. எனினும், எவரும் தராசில் ஏற்றிப் பார்த்திராத ஒரு பொருளுக்கு இத்தனை கோடி என்று கணக்கு வந்தது எப்படி என்னும் சந்தேகம் என்னை விடவில்லை. அதன் மூலத்தைத் தேடலானேன்.

மூலம் ஒரு கிணறு. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிடுகையில் கரிய பொருள் ஒன்று மேலே வர, அதை அலட்சியம் செய்யாமல் அரசாங்கத்தாரின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரும், பின்னர் சென்னை அரசாங்கத்தாரும் துளைமேல் துளையிட்டு, கரி எத்தனை ஆழத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். கோடிகளுக்கு ஆதாரம் இந்தச் சிறு குறிப்புகள்தாம்: படிவத்தின் கனத்தைப் பரப்பளவால் பெருக்கி, கரியின் அடர்த்தியாலும் பெருக்கிவிட்டால் எடை கிடைத்துவிடுகிறது.

பெருக்கி வந்ததை வகுத்துப் பார்த்தால் என்ன என்று காகிதத்தை எடுத்தேன். 330 கோடி டன்னை 48 கோடி சதுர மீட்டருக்குப் பங்கிட்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏழு டன்கூடத் தேறவில்லை. நீரைவிடச் சற்றே கனமான இந்தக் கரி, அவ்வளவு எடைக்குச் சராசரியாக ஆறு மீட்டர் உயரந்தான் நிற்கும். ஒரு மாடி வீட்டின் உயரம்! பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் எவருக்கும் விளங்கும்படி சொன்னால், ஏக்கருக்கு ஏறக்குறைய 28,000 டன். பத்து டன் லாரியில் 2,800 நடை. கோடிகளில் பிரமித்து நின்ற புத்திக்கு இந்த 2,800 உடனே பிடிபட்டுவிட்டது.

ஒரு டன் கரிக்காக ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்றவேண்டும் என்பதும், அடியிலிருந்து முட்டும் ஊற்றுநீரை அல்லும் பகலும் இறைத்தாகவேண்டும் என்பதும் வேறு கணக்கு.

1957 மே மாதத்தில் நேரு தொடங்கிவைத்த முதல் சுரங்கத்துக்கு வகுத்த இலக்கு ஆண்டுக்கு 35 லட்சம் டன். அந்த வேகத்தில் 330 கோடி தீர்வதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று நெய்வேலிச் சுரங்கங்களின் மொத்தத் திறன் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதே வகுத்தலைச் செய்தால் வருவது சுமார் 130 ஆண்டுகள். அதுவும், ஊர்களுக்கும் வயல்களுக்கும் அடியில் கிடப்பதையெல்லாம் ஒரு பிடியும் விடாமல் வெட்டியெடுத்தால்.