திருமழிசை தக்காளியும் ஈடிஎஃப் விலையும்

போன தடவை பிரியாணி பத்தி எழுதினதுக்கு வந்த வரவேற்பைப் பார்த்து, அடுத்ததும் சாப்பாடுதான்னு நினைச்சு வந்திருப்பீங்க. ஸாரி. இந்தத் தடவை பாடம். ஆனா தக்காளி வரும், நம்பிப் படிங்க :-)

எங்க வகுப்புல ஈடிஎஃப்னா என்னன்னு கேட்டா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி, ஆனா ஷேர் மாதிரி". பரீட்சைக்கு இது போதும், ரெண்டு மார்க் வாங்கிடலாம். இன்னொண்ணு, "அதெல்லாம் காசு இருக்கிறவங்க சமாச்சாரம் மச்சி". இந்த ரெண்டாவது பதில் தப்பு. உங்க வீட்டுல யாருக்காவது பி.எஃப். பிடிக்கிறாங்கன்னா, உங்க வீட்டுப் பணம் ஏற்கெனவே ஈடிஎஃப்ல இருக்கு.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறவர். ஷேர்னு சொன்னாலே சீட்டாட்டம் மாதிரி முகத்தைச் சுளிப்பார். 2015 ஆகஸ்ட்ல பி.எஃப். நிறுவனம் தன்கிட்ட புதுசா வர்ற பணத்துல 5 சதவீதத்தை ஈடிஎஃப்ல போட ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் 10, 2017ல 15. இதை நான் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாரைக் கேட்டுப் போட்டாங்க?" நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை.

இது வெறும் கணக்கு இல்லைன்னு 2020ல தெரிஞ்சுது. 2019-20க்கு 8.5 சதவீத வட்டின்னு அந்த மார்ச்ல முடிவு பண்ணினாங்க. அதே மாசம் கொரோனாவுல சந்தை விழுந்தது. செப்டம்பர்ல என்ன சொன்னாங்கன்னா, 8.15 சதவீதம் கடன் பத்திர வருமானத்துல இருந்து வரும், மீதி 0.35 சதவீதம் ஈடிஎஃப் யூனிட்டை வித்ததும் வரும்னு. நாலு மாசத்துல சந்தை ஏறிடுச்சு, வருஷக் கடைசியில 8.5ஐயும் மொத்தமா கொடுத்துட்டாங்க. ஆனா லேத் ஓட்டுறவரோட வட்டியில ஒரு துண்டு, யாரோ எப்பவோ ஈடிஎஃப்பை நல்ல விலைக்கு வித்தாத்தான் வரும்ங்கிறது அப்ப வெளிச்சமாச்சு. அந்த "நல்ல விலை" எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் இதுக்குள்ள இறங்கினேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்தியாவோட முதல் ஈடிஎஃப் நிஃப்டி பீஸ். 2002 ஜனவரியில தேசியப் பங்குச் சந்தையில பட்டியலாச்சு. பீஸ்னா தேனீ இல்லைங்க, 'பெஞ்ச்மார்க் எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஸ்கீம்'ங்கிறதோட சுருக்கம். பெஞ்ச்மார்க்னு ஒரு சின்ன ஃபண்ட் கம்பெனி ஆரம்பிச்சது. அதை 2011ல கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கி, அவங்ககிட்ட இருந்து ரிலையன்ஸ் வாங்கி, 2019ல அது நிப்பான் இந்தியா ஆச்சு. மூணு கை மாறியும் அந்த பீஸ்ங்கிற வாலை மட்டும் யாரும் வெட்டலை.

உள்ள என்ன இருக்குன்னா, நிஃப்டியில இருக்கிற 50 கம்பெனிப் பங்குகளும் அதே விகிதத்துல. எதை வாங்கலாம்னு மண்டையை உடைச்சுக்கிற மேனேஜர் தேவையில்லை. அதனால செலவும் கம்மி, வருஷத்துக்கு 0.04 சதவீதம் அளவு. ஆரம்பத்துல ஒரு யூனிட் நிஃப்டியில பத்துல ஒரு பங்கு விலை. 2019 டிசம்பர்ல பிரிச்சப்புறம் கிட்டத்தட்ட நூறுல ஒரு பங்கு. டியூஷன் எடுக்கிற காசுல நானே மாசம் ஒண்ணு ரெண்டு வாங்குறேன்னா பார்த்துக்குங்க.

இந்த யோசனையோட பூர்வீகம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்கன் பங்குச் சந்தையில வேலை பார்த்த நேதன் மோஸ்ட்னு ஒருத்தர், அதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் மாதிரி சரக்கு வியாபாரத்துல இருந்தவர். அங்க எண்ணெய் கிடங்குலேயே கிடக்கும், கிடங்கு ரசீதுதான் கை மாறும். பங்குகளையும் இப்படி ஒரு கிடங்குல வெச்சுட்டு ரசீதை மட்டும் சந்தையில விட்டா என்னன்னு யோசிச்சார். 1993ல அமெரிக்காவோட முதல் ஈடிஎஃப் வந்தது. (கனடாவுல 1990லேயே வந்துடுச்சு. கனடாக்காரங்க யாராவது படிச்சா கோவிச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிடுறேன்.)

இப்ப முக்கியமான இடம். ரசீதுக்குச் சந்தையில ஒரு விலை இருக்கு. கிடங்குல இருக்கிற சரக்குக்கு ஒரு மதிப்பு இருக்கு. இது ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு என்ன கட்டாயம்?

ஓ.டி. மார்க்கெட்ல நாம அரைக் கிலோ தக்காளி வாங்குறோம். கோயம்பேட்டுல போய் அரைக் கிலோ கேட்டா துரத்திடுவான், அங்க பெட்டிக் கணக்கு. கோயம்பேட்டுல கிலோ 20, ஓ.டி.ல 40னு ஆச்சுன்னா என்ன நடக்கும்? நாலு பேர் விடியக்காலையில டாடா ஏஸ் எடுத்துட்டுப் போய் அள்ளிட்டு வந்து 35க்கு விப்பாங்க. இன்னும் நாலு பேர் 30க்கு. கடைசியில வண்டி வாடகையும் கொஞ்சம் லாபமும் மட்டும்தான் ரெண்டு விலைக்கும் நடுவுல நிக்கும்.

ஈடிஎஃப்லயும் இந்த டாடா ஏஸ் ஆளுங்க இருக்காங்க. மார்க்கெட் மேக்கர்னு பேரு. இவங்களால ஃபண்ட் கம்பெனிக்கிட்ட நேரடியா மொத்தமா யூனிட் வாங்க முடியும், திருப்பித் தரவும் முடியும். (நாமளும் நேரா போகலாம், கையில 25 கோடி இருந்தா. 2023 மே மாசத்துல இருந்து இதுதான் செபி விதி.) உள்ள இருக்கிற பங்குகளோட மதிப்பு 100, சந்தையில யூனிட் 103க்குப் போகுதுன்னா, இவங்க 100 ரூபாய்க்கு யூனிட்டை உருவாக்கி வாங்கி சந்தையில விப்பாங்க. விக்க விக்க விலை இறங்கும். 97க்குப் போச்சுன்னா சந்தையில வாங்கி ஃபண்டுக்கிட்ட கொடுத்து 100 வாங்கிப்பாங்க. யாரும் நம்ம மேல இருக்கிற பாசத்துல பண்ணலை, ஆனா அவங்க பேராசைதான் நமக்குச் சரியான விலையைத் தருது. எங்க புத்தகத்துல இதுக்கு ஆர்பிட்ரேஜ்னு அரைப் பக்கம் இருக்கு, டாடா ஏஸ் இல்லாததால யாருக்கும் புரியலை.

புத்தகத்துல இல்லாத ஒண்ணு: ரோடு மூடிட்டா?

2020 மே 5ஆம் தேதி கொரோனா பரவலால கோயம்பேட்டை மூடினாங்க. அடுத்த வாரம் நம்ம பூந்தமல்லி தாண்டி திருமழிசையில தற்காலிக மார்க்கெட் போட்டாங்க. நடுவுல இருந்த அந்தச் சில நாள் ஞாபகம் இருக்கா? தோட்டத்துல காய் அழுகுது, எங்க தெருத் தள்ளுவண்டியில பீன்ஸ் விலையைக் கேட்டு அம்மா திரும்பி வந்துட்டாங்க. ஊருல காய்க்குப் பஞ்சம் இல்லை. வண்டி ஓடலை, அவ்வளவுதான். அந்த வாரம் நாம கொடுத்தது காயோட விலை மட்டும் இல்லை, மூடின ரோட்டோட விலையும் சேர்த்து.

ஈடிஎஃப்ல இது நிஜமாவே நடந்திருக்கு. இந்திய ஃபண்ட் கம்பெனிகள் வெளிநாட்டுல முதலீடு பண்ண மொத்தத்துக்கும் ஒரு வரம்பு இருக்கு. வெளிநாட்டு ஈடிஎஃப் யூனிட்டுகளை வாங்குற ஃபண்டுகளுக்கு 100 கோடி டாலர், மத்ததுக்கு 700 கோடி டாலர். வரம்பு நெருங்கினதும் புது யூனிட் உருவாக்கறதை நிறுத்திட்டாங்க. ஆனா அமெரிக்கப் பங்கு வாங்கற ஆசை நிக்கலையே! நாஸ்டாக் 100 ஈடிஎஃப் மாதிரியானதெல்லாம் உள்ள இருக்கிற மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் மேல அதிக விலைக்குப் போன நாட்கள் உண்டு. அப்ப 100 ரூபாய்ப் பொருளுக்கு 110 கொடுத்து வாங்கினவங்க, நாஸ்டாக் ஏறலைன்னா கூடப் பரவாயில்லைன்னு இருக்க முடியாது. ரோடு திறந்தாலே அந்த 10 போயிடும்.

போன வருஷம், அதாவது 2025 அக்டோபர்ல, வெள்ளியிலயும் இதே கூத்து. தீபாவளி நேரம், உலகச் சந்தையில வெள்ளிக்குத் தட்டுப்பாடு, இங்க கட்டி கிடைக்கலை. வெள்ளி ஈடிஎஃப்கள் உள்ள இருக்கிற வெள்ளியோட மதிப்பைத் தாண்டி எகிறிச்சு. சில ஃபண்ட் கம்பெனிகள் தங்களோட வெள்ளி ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ல புது மொத்த முதலீட்டையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க. அந்த நேரம் பார்த்து ஆவடி சித்தப்பா போன். மெக்கானிக் ஷெட் வெச்சிருக்கார், வண்டி வித்த பணம் கையில.

"ஏம்மா, வெள்ளி ஏறுதாமே, போட்டுறவா?"

"சித்தப்பா, போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா ஐநாவ்னு ஒண்ணு ஃபண்ட் கம்பெனி சைட்ல இருக்கும். யூனிட் விலையையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

பார்த்தார். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்துல. "நாளைக்கு இன்னும் ஏறிட்டா?"ன்னார். கடைசியில பாதிப் பணத்துக்கு வாங்கினார். சில நாள்ல அந்த அதிகப்படி கரைஞ்சுடுச்சு. ஆனா டிசம்பர்ல வெள்ளியே அதையும் தாண்டி ஏறிடுச்சு பாருங்க, "உன் பேச்சைக் கேட்டுப் பாதிதான் வாங்கினேன்"னு இன்னிக்கு வரைக்கும் ஓட்டுறார். வெள்ளி ஏறுமா இறங்குமாங்கிறது எனக்கு அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு 110 கேட்கிறாங்கங்கிறது மட்டும் அன்னிக்கே ஸ்க்ரீன்ல தெரிஞ்சுது. அவர் ஒத்துக்க மாட்டார்.

ஐநாவ்ங்கிறது உள்ள இருக்கிற சரக்கோட அந்த நிமிஷ மதிப்பு. இந்தியப் பங்கு ஈடிஎஃப்புக்கு அதிகபட்சம் 15 நொடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பார்க்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகும். அப்புறம் இன்னொண்ணு. ரோடு திறந்தே இருந்தாலும் சில ஈடிஎஃப் பக்கம் டாடா ஏஸே வர்றதில்லை. புதுசு புதுசா ஏதேதோ தீம் பேர்ல வருது, நாள் முழுக்க நாலு பேர்கூட வாங்கறதில்லை. வாங்கறவன் 98ங்கிறான், விக்கிறவன் 104ங்கிறான். அங்க போய் மார்க்கெட் ஆர்டர் போட்டீங்கன்னா 104 உங்க தலையில. லிமிட் ஆர்டர் போட்டு, இந்த விலைக்குத்தான்னு எழுதிடுங்க. காலையில 9.15க்கு மணி அடிச்ச உடனே பாயாதீங்க. இதெல்லாம் தலைவலின்னா சாதா இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கு, அன்னன்னைக்கு மதிப்புலேயே கொடுப்பாங்க, டீமேட்டும் வேண்டாம். செலவு கொஞ்சம் கூட. என் ஃப்ரெண்ட்ஸ் பாதிப் பேருக்கு அதைத்தான் சொல்றேன்.

கடைசியா தங்கம். அக்கா கல்யாணத்துக்காக அம்மா பாடியில ஒரு கடையில பதினொரு மாசச் சீட்டு கட்டுறாங்க. தங்க ஈடிஎஃப் பத்தி நான் ஆரம்பிச்சதும், "அதைக் கழுத்துல போட முடியுமா?"ன்னு ஒரே போடு. முடியாது. ஈடிஎஃப்பை வித்து நகை வாங்கினா செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் அப்படியே நிக்கும். சீட்டுல சேதாரத்துல தள்ளுபடி தர்றாங்க. அதனால கழுத்துக்குப் போற தங்கத்துல அம்மா கணக்குதான் சரி. ஆனா சீட்டு முடியுற வரைக்கும் நாம அந்தக் கடைக்குக் கடன் கொடுத்தவங்க, அவ்வளவுதான். கடை நல்லா இருக்கணும்னு நாமதான் சாமி கும்பிடணும். ஈடிஎஃப்ல 99.5 சதவீத சுத்தத் தங்கம் கஸ்டோடியன்கிட்ட தனியா இருக்கும்.

நான் கேட்டது வேற. அவசரத்துக்கு இருக்கட்டும்னு வருஷா வருஷம் ஒரு காசு வாங்கி பீரோவுல வைக்கிறாங்களே, அதை மட்டும் மாத்தலாமான்னு. காசு வாங்கும்போது ஜிஎஸ்டி, கூலி. விக்கப் போனா கடைக்காரர் சொல்றதுதான் விலை. 2007ல வந்த கோல்ட் பீஸ்ல ஒரு யூனிட் முதல்ல ஒரு கிராம் கணக்கு, 2019ல பிரிச்சப்புறம் 0.01 கிராம் கணக்கு. வருஷா வருஷம் செலவுக்குக் கொஞ்சம் கழியறதால நிஜத்துல அதைவிடக் குறைவாத்தான் இருக்கும். இதை மறைக்காம சொன்னேன். அம்மா யோசிச்சாங்க. "கரண்ட் போனா அந்தத் தங்கம் என்ன ஆகும்?"னாங்க. அப்பாதான் சிரிச்சார். "பி.எஃப்.ல நம்மளைக் கேட்காமலே போட்டாங்க, இது கேட்டுட்டுப் போடுது, போடட்டும் விடு"ன்னார்.

அம்மா பேர்ல டீமேட் திறக்க உட்கார்ந்திருக்கோம். ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பான்ல அப்பா பேர் முழுசா பின்னாடி. மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தச் சோகம் தனிப் பதிவு.