ஆய்வகச் சாவி உன் கையில்

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறாம், ஏழாம் வகுப்பு அறிவியல் உன் பொறுப்பு என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஆய்வகத்தைப் பூட்டியே வைக்கச் சொல்கிறார்களாமே. தயவுசெய்து பூட்டாதே. பூட்டிய கதவுக்கு வெளியே வளர்ந்த பிள்ளை, பதினோராம் வகுப்பில் திடீரென்று அடர் அமிலப் புட்டிக்கு முன்னால் போய் நிற்கும். கை பழக வேண்டிய வயது இதுதான்.

முதல் சில வாரங்கள் தண்ணீர் மட்டும் போதும். சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஊற்றிப் பழகட்டும். வாய்க்குச் சற்றுக் கீழே இடுக்கியால் பிடித்து, சாய்த்து, அசைத்துக்கொண்டே சூடாக்கட்டும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் அடியில் கிளம்பும் நீராவி மேலே இருப்பதைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்பது அதனால்தான். காரணம் தெரிந்துவிட்டால் பிள்ளைகளே ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள். வெறும் 'செய்யாதே' நீ முதுகைத் திருப்பும்வரைதான் நிற்கும்.

ஸ்பிரிட் விளக்கில் மட்டும் அவசரப்படாதே. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள். ஜன்னலைச் சாத்தி ஒருமுறை, திறந்து ஒருமுறை பார்க்க வை. ஊதி அணைக்காமல் மூடியால் மூட வேண்டும், சூடு ஆறுமுன் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. கார்த்திகைக்கு ஓர் அகலிலிருந்து இன்னோர் அகலை ஏற்றிப் பழகிய பிள்ளைகள் இவர்கள். அந்தக் கை தானாகவே விளக்கைச் சாய்த்து அடுத்த விளக்கில் பற்றவைக்கப் போகும். ஸ்பிரிட் வழிந்து தீப்பிடிக்கும் என்பதை அவர்கள் தீக்குச்சியைத் தொடுமுன் சொல்லிவிடு.

நம் பள்ளிகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவது மரியாதை. ஆய்வகத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டே வரச் சொல். உடைந்த கண்ணாடியும் சிந்திய அமிலமும் முதலில் தேடுவது வெறுங்காலைத்தான். துப்பட்டாவை மடித்து ஊசி குத்தட்டும். ரெட்டைச் சடை மடித்துக் கட்டியிருந்தால் நல்லது, தொங்கினால் பின்னால் சேர்த்து முடியட்டும். மேலங்கி இல்லாவிட்டால் அப்பாவின் பழைய பருத்திச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொள்ளலாம்.

அமிலம் புளிக்கும் என்று பாடம் சொல்லும். உடனே ஒரு விரல் நாக்குக்குப் போகும். எலுமிச்சையும் புளியும் ருசிப்பதை வகுப்பறையில் வைத்துக்கொள், ஆய்வகத்துக்குள் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. முகர வேண்டுமென்றால் கையால் விசிறி, காற்றோடு வருவதை மட்டும் முகரட்டும். கழிவறை கழுவும் ஆசிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. அதனால் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியைத் தொடாதே என்ற பாடம் அவர்களோடு வீட்டுக்கும் போக வேண்டும்.

அமிலத்தை நீர்க்க வைப்பது உன் வேலை, பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கட்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கந்தக அமிலம் தண்ணீரைப்போல் 1.84 மடங்கு கனம். மாற்றி ஊற்றினால் தண்ணீர் மேலேயே நின்று, கலக்கும்போது எழும் சூட்டில் கொதித்துத் தெறிக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்த வருஷப் பள்ளி மானியத்திலேயே கேள். 1812-ல் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வெடித்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிக்குக் கண்ணில் அடிபட்டது. அவருக்காகக் குறிப்பெழுத அமர்ந்தவர்தான் மைக்கேல் ஃபாரடே. அடுத்த வருஷமே அதே பொருள் வெடித்து ஃபாரடேயும் காயப்பட்டார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கொடு, மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொள்வார்கள்.

கண்ணில் எது தெறித்தாலும் குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அமிலம் பட்ட இடத்தில் சோடா மாவு, சுட்ட இடத்தில் பற்பசை என்று எதையும் தடவ விடாதே. உன் ஆய்வகக் குழாயில் தண்ணீர் வருகிறதா? வரவில்லை என்றால் ஒரு பெரிய டிரம்மில் நிரப்பி, அடியில் குழாய் வைத்துக்கொள். அதுவரை விளக்கை ஏற்றாதே. பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா