கல்லுப்பட்டி கேசட்காரரும் விடிய விடிய வள்ளி திருமணமும்

டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏதாவது ஒரு டீக்கடையில் "கேசட்காரர் வீடு எங்கே?" என்று கேட்டால், "யாரு, பழைய கேசட்டு இருக்கானு வீடு வீடா அலைவாரே, அவரா?" என்று சிரித்துக்கொண்டே வழி சொல்வார்கள். கேசட்காரர் கேசட் விற்பவர் இல்லை, தேடுபவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் மூன்று டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிறார். அதில் ஓடுவது ஒன்று. மற்ற இரண்டும் அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ்.

அவர் தேடுவது சினிமாப் பாட்டு இல்லை, ஸ்பெஷல் நாடகம். அதிலும் வள்ளி திருமணம். அதிலும் 1980களில் திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் நடந்த வள்ளி திருமணம். அதிலும் ஒரு குறிப்பிட்ட ஆள் வாசித்தது. அந்த ஆள் யார் என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

ஸ்பெஷல் நாடகமா, அது என்ன என்று கேட்கிற சென்னைவாசிகளுக்காக ஒரு சின்ன அறிமுகம். (மதுரைக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தாண்டாமல் படித்துத் தப்பு கண்டுபிடித்தாலும் சரிதான்.) சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று சிறுவர்களை வைத்து ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். 1922-ல் இறந்துபோனார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதைத்தான் இன்றைக்கும் ஊர் ஊராக ஆடுகிறார்கள். ஆனால் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லாமே தனித்தனியாகப் பேசிக் கூட்டி வந்தவர்கள். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடை ஏறி, விடிவதற்குள் வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணத்தை முடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடுவார்கள்.

கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். நடுவில் வருகிற தர்க்கம் மட்டும் யாருக்கும் தெரியாது, பேசப் போகிறவர்கள் உட்பட! வேடன் வேஷத்தில் வருகிற முருகனும் தினைப்புனம் காக்கிற வள்ளியும் மணிக்கணக்கில் வாயாடுவார்கள். முருகன் கெட்டிக்காரராக இருந்தால் அன்றைக்கு நாடகம் ஒரு மாதிரி. வள்ளி கெட்டிக்காரியாக இருந்தால் அது வேறு மாதிரி. ரெண்டு பேரும் கெட்டிக்காரர்களாக அமைந்துவிட்டால் ஊரே மறுநாள் வேலைக்குப் போகாது.

அமெரிக்காவில் ஒரு இசை நாடகத்தைத் திரும்ப மேடையேற்றினால் அந்தப் புதுக் குழுவை வைத்து ஒரு ரிக்கார்டும் போட்டுவிடுவது வழக்கம். ஓக்லஹோமா என்ற நாடகம் 1943-ல் வந்தபோது டெக்கா கம்பெனி அதன் பாட்டுகளை ஆறு தட்டுகளில் வெளியிட்டது. 1979-ல் அதை மறுபடி நியூயார்க்கில் போட்டார்கள், அதற்கு ஒரு ரிக்கார்டு. 1998-ல் லண்டனில் போட்டதற்கு ஒன்று. 2019-ல் நியூயார்க்கில் போட்டதற்கு இன்னொன்று. ரசிகர்கள் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் அடுக்கிக்கொண்டு எந்த வருஷம் உசத்தி என்று சண்டை போடலாம். நம்ம வள்ளி திருமணத்தை அப்படிக் கணக்கு வைக்க முடியாது. பங்குனி சித்திரையில் ஒரே ராத்திரியில் பத்து ஊரில் பத்து ஜோடி ஆடும். மறுநாள் ஜோடி மாறிவிடும். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மறு மேடையேற்றம். அலமாரியில் அடுக்குவதற்கு என்ன இருக்கிறது?

ஏன், கிராமபோன் தட்டு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1930களில் நாடகக்காரர்கள் பாடிய தட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் பெரிய கிராக்கி. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் 27 வயதில் இறந்துபோனார். அவருடைய குரல் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறதென்றால் தட்டுகள்தான் காரணம். கே.பி. சுந்தராம்பாள் குரலும் அப்படித்தான் ஊர் ஊராகப் போனது. தனிப் பாட்டு மட்டும் இல்லை, ஒரு முழு நாடகத்தையே வசனமும் பாட்டுமாகப் பல தட்டுகளில் பதித்து 'நாடக செட்' என்று விற்றார்கள். பின்னாளில் ஏவி.எம். ஸ்டூடியோ கட்டிய மெய்யப்பச் செட்டியார் 1932-ல் கூட்டாளிகளோடு தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளுக்கு ஏஜென்சி எடுத்து இந்த வியாபாரத்தில் இறங்கியதுதான். ஓக்லஹோமா தட்டுகளுக்கும் முந்தைய கதை இது.

கேசட்காரரும் ஆரம்பத்தில் தட்டில்தான் இறங்கினார். சென்னையில் பழைய தட்டு வாங்க மூர் மார்க்கெட் என்று ஒரு சொர்க்கம் இருந்ததாம். 1985-ல் அது எரிந்துபோனது. அவர் அலைய ஆரம்பித்தது அதற்குப் பல வருஷம் கழித்து. காயலான் கடைகளிலும் காரைக்குடி பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும் தேடி, கீறல் விழுந்த தட்டுகள் கொஞ்சம் சேர்த்தார். கேட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை. ஆறு தட்டு செட் என்றால் பன்னிரண்டு பக்கம். மொத்தம் நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். எட்டு மணி நேர நாடகத்தை நாற்பது நிமிஷத்தில் அடைத்தால் என்ன மிஞ்சும்? பாட்டு மிஞ்சும். தர்க்கம் ஒரு பக்கத்தோடு காலி. பபூனும் ஆர்மோனியக்காரரும் பேசிக்கொள்வது சுத்தமாகக் கிடையாது. கூட்டத்தின் சிரிப்பு கிடையாது. ஸ்டூடியோவில் எப்படி இருக்கும்?

திருமங்கலம் இங்கேயிருந்து அரை மணி நேரம்தான். விசுவநாத தாஸ் வாழ்ந்த ஊர். வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கி மேடையில் பாடியதற்காகத் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அந்தக் காலத்தில் பதிவு என்றால் கம்பெனிக்காரன் கூப்பிட்டு, நாடகக்காரர் போய் மைக் முன்னால் நின்று மூன்று நிமிஷம் பாடினால்தான் உண்டு. மேடையில் நடப்பதை நடக்கிறபடி பிடித்து வைக்க ஊர்நாட்டில் வழி பிறந்தது டேப் ரிக்கார்டர் வந்த பிறகு.

பிடித்து வைத்தவர்கள் மைக்செட்காரர்கள்! நூலகமோ பல்கலைக்கழகமோ சொல்லிச் செய்ததில்லை. மரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு டேப்பை வைத்து ஒயரைச் செருகி விடுவார்கள். அடுத்த ஊர்த் திருவிழாவில் சாயங்காலம் கூட்டம் சேர்க்கப் போடலாமே என்ற கணக்கு. 90 நிமிஷக் கேசட் என்றால் ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு வேண்டும். முக்கால் மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்து மைக்செட்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் வள்ளி கேட்ட கேள்விக்கு முருகன் சொன்ன பதில் போச்சு.

இப்போது அந்த ஆள் யார் என்று சொல்லிவிடலாம். கேசட்காரரின் அப்பா. ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். 1991-ல் இறந்தார். அவர் வாசித்த பெட்டியை வீட்டில் கஷ்டம் வந்தபோது விற்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு நாடக நோட்டீஸ். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பெரிய படமாக இருக்க, கீழே மூலையில் தபால்தலை அளவுக்கு அப்பா. மையில் மூக்கு அழிந்துவிட்டது. குரல் எதிலும் இல்லை. வருஷம் முழுக்க ஊர் ஊராகப் பாடிய மனிதரின் குரல் அவர் வீட்டில் இல்லை. உயிரோடு இருந்தபோது யாருக்கும் தோன்றவில்லை. தினமும் கேட்கிற குரல்தானே என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் மதுரைக்குப் போய், சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கும் நாடக நடிகர் சங்கத்தில் வயதானவர்களைப் பிடித்து, அப்பாவோடு ஆடியவர்கள் யார் யார், எந்த ஊர் மைக்செட் என்று குறித்துக்கொண்டு வந்தார். நோட்டில் நாற்பது ஊர் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊர் என்று டிவிஎஸ் எக்செல்லில் கிளம்பிவிடுவார். வீட்டம்மா சொல்வது: "ரிட்டையர்டு ஆனா வீட்டுல இருப்பாகனு பார்த்தா, இவுக ஓட்டுக் கேக்கப் போற மாதிரி போறாக."

நாற்பது ஊரிலும் ஏறக்குறைய ஒரே கதை. மைக்செட் கடை மூடியாகிவிட்டது, அல்லது பையன் டிஜே செட் வைத்திருக்கிறான். கேசட் இருந்தது, வீடு இடித்துக் கட்டும்போது போய்விட்டது. கேசட் இருக்கிறது, ஆனால் எலி. கேசட் நன்றாகவே இருக்கிறது, ஆனால் போட்டுப் பார்த்தால் சினிமாப் பாட்டு. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது. அதை உடைக்காத மைக்செட்காரர்கள்தான் அதிகம். கேசட் விலை அப்படி. நாடகத்தை நாலு ஊரில் போட்டுவிட்டு, அது பழசானதும் புதுப்பட பாட்டை மேலே ஏற்றிவிடுவார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பாட்டி பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே இருபது கேசட். எல்லாவற்றிலும் நாடகத்தின் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. கேசட்காரருக்குக் கை நடுங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் டேப் இல்லை, வெறும் கூடு.

"என்ன ஆத்தா, உள்ள ஒண்ணும் இல்லையே?"

"அதையா கேக்குற தம்பி? பேரன் உருவிக் கொண்டுபோயிச் சோளக்காட்டுல கட்டிப்புட்டான்ல. காத்துக்குப் பளபளனு ஆடும், குருவி வராது."

தினைப்புனத்தில் வள்ளி குருவி விரட்டுகிற நாடகம்! கேசட்காரருக்கு அந்த இடத்தில் சிரிப்புத்தான் வந்ததாம். பாட்டியும் எதற்கு என்று தெரியாமலே கூடச் சிரித்திருக்கிறார்.

போன வருஷம் பேரையூர் தாண்டி ஒரு ஊரில், கடையை மூடிவிட்ட மைக்செட்காரர் வீட்டில் ஏழு கேசட் கிடைத்தது. ஐந்தில் பூஞ்சை. வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றில் கரகாட்டக்காரன் பாட்டு. ஏழாவதில் எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒன்றுமே எழுதவில்லை. நடுவில் இருக்கிற ஸ்பாஞ்ச் விழுந்துவிட்டதால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. திருகாணி போட்ட இன்னொரு கேசட்டைக் கழற்றி, இந்த டேப்பை எடுத்து அதற்குள் மாற்றினார். அந்த ஒரு வேலைக்கே ஒரு மத்தியானம் ஆயிற்று. முதல் பக்கம் முழுக்கச் சினிமாப் பாட்டு. இரண்டாம் பக்கம் மூன்று சினிமாப் பாட்டு. அதற்கப்புறம் ஒரு கரகரப்பு. அப்புறம் பபூன்.

பபூன் மேடைக்கு வந்து வாத்தியக்காரர்களை வம்புக்கு இழுக்கிற இடம். "என்ன மாமா, ராத்திரி சாப்பாடு ஆச்சா?" என்கிறார். பக்கத்திலிருந்து ஒரு குரல், மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி: "ஆச்சு மாப்ளே, ஊர்ல கறி போட்டாங்க. நீ லேட்டு." கூட்டம் சிரிக்கிறது. பபூன் கறிக்குழம்பைப் பற்றி என்னமோ புலம்ப, பதிலுக்கு ஆர்மோனியம் மட்டும் அழுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுக்கிறது. மறுபடி சிரிப்பு. நடுவில் யாரோ பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுத்ததாக அறிவிப்பு. மறுபடி அந்தக் குரல், ஒரு இருமலோடு: "சரி, பாடு பாடு, நேரமாகுது."

மதுரையில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்பீக்கர் பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டேப் ஓடி இருமல் வந்ததும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "டேய், அப்பாடா."

மொத்தம் பதினொரு நிமிஷம். ஆர்மோனியம் சுருதி பிடித்து, அப்பா ஒரு பாட்டை எடுக்கப்போகிற நேரம். முதல் சொல்லில் பாதி வருகிறது, டேப் முடிந்துவிடுகிறது. அந்த ராத்திரியின் அடுத்த கேசட் எங்கே இருக்கிறது என்று அந்த மைக்செட்காரருக்கும் தெரியவில்லை. தன் தம்பி கடைக்குச் சில கேசட்டைக் கொடுத்த ஞாபகம் இருக்கிறதாம். தம்பி இப்போது எழுமலையில்.

பதினொரு நிமிஷத்தை மகள் கம்ப்யூட்டரில் ஏற்றி மூன்று காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டாள். அசல் கேசட்டின் நாக்கு இரண்டையும் கேசட்காரரே உடைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். நோட்டில் எழுமலையை நாற்பத்தோராவது ஊராக எழுதியாகிவிட்டது. வண்டிக்குப் பிரேக் ஒயர் மாற்ற வேண்டுமாம். மாற்றியதும் கிளம்புகிறார்.