பட்டனை விடத் தெரிந்த கணினி

வேதாரண்யத்தில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் திருப்பத்தில், சுவரில் அறைந்த ஒரு மரப்பலகை. அதன் மேல் ஒரு வாக்கி டாக்கி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று, ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு, கீழே 12 வோல்ட் பேட்டரி. வாக்கி டாக்கியின் பேச்சு பட்டனில் (பி.டி.டி.) யார் விரலும் இல்லை. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் விளக்கு சிவப்பாக எரிகிறது. கேட்பதற்காகப் பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு செட்டில் ‘கர்ர்ர்’ என்று சின்ன இரைச்சல். விளக்கு அணைகிறது. அதற்குள் இந்த மாடியின் வெப்பநிலையும் காற்றழுத்தமும் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் இன்னொரு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பரின் திரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

இதைச் செய்து வைத்திருப்பவர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களாக அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறார். “2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா அடிச்சுது தம்பி. கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துடுச்சு, செல்போன்ல டவரே இல்ல. பேட்டரியில ஓடுற செட்டு ஒண்ணு, ஆள் பக்கத்துல இல்லாட்டியும் தானா தகவல் சொல்லிக்கிட்டு இருக்கணும்னு அப்பத்தான் தோணிச்சு” என்றார். அந்தப் புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அவர் சொல்வதன் கனம் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதைச் செய்து காட்ட, முதலில் செட்டின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடு ஒன்றைத் திருகினார். சோதனை செய்யும்போது அலை வெளியே போகாமல் அதிலேயே சூடாகித் தீர்ந்துவிடும். செட் எல்லோரும் அறிந்த பாவோஃபெங் யு.வி.5ஆர். அதன் பக்கவாட்டில் 3.5 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு துளைகள். இரண்டிலும் பிளக்கைச் செருகி, ஒரு துண்டுக் கம்பியால் இரண்டு பிளக்கின் அடிப்பகுதி உலோக வளையங்களையும் தொட்டுக் காட்டினார். விளக்கு சிவந்தது. கம்பியை எடுத்தார், அணைந்தது. “இவ்வளவுதான் பி.டி.டி. விரல் செய்யற வேலையைக் கணினியோட பின் செய்யணும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.”

குரலோ ஒலியோ வந்தால் செட் தானாகவே பரப்பத் தொடங்கும் வாக்ஸ் வசதி இருக்கிறதே, பின் எதற்கு என்று கேட்டேன். வாக்ஸ் விழித்துக்கொள்வதற்குள் தகவலின் தலை வெட்டுப்பட்டுவிடும். ஒலி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பரப்பிக்கொண்டே இருக்கும். மனிதப் பேச்சில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. டேட்டாவில் முதல் சில எழுத்துகள் போனால் முழுப் பாக்கெட்டும் குப்பை.

பையின் 40 பின் வரிசையில் 11ஆவது பின்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மென்பொருளில் அதன் பெயர் ஜி.பி.ஐ.ஓ. 17. இந்த இரட்டை எண்ணில் குழம்பி, பக்கத்துப் பின்னில் கம்பியைச் சொருகுகிறவர்கள் ஏராளம். ஒன்றை மறக்கக் கூடாது: இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் ஏறினால் பின் போகும், சில சமயம் போர்டே போகும். ஒரு பின்னிலிருந்து 16 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கவும் கூடாது. அதனால் செட்டின் கம்பியைப் பின்னில் நேராகக் கட்டாமல், நடுவே பி.சி.817 ஆப்டோகப்ளர் ஒன்றை வைத்திருக்கிறார். நாலு கால் கொண்ட சின்னக் கறுப்புச் சில்லு. ஒரு பக்கம் 330 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பின்னின் மின்சாரம் உள்ளிருக்கும் எல்.இ.டி.யை எரிக்கிறது, ஆறு மில்லிஆம்பியர் சொச்சம்தான் ஓடும். மறுபக்கம் அந்த ஒளி பட்டு டிரான்சிஸ்டர் திறந்து, செட்டின் இரண்டு கம்பிகளையும் சேர்க்கிறது. கணினிக்கும் செட்டுக்கும் நடுவே அந்த இடத்தில் வெளிச்சம் மட்டுமே கடக்கிறது.

“டிரான்சிஸ்டர் ஒண்ணு போதுமே சார், எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?” என்றேன். அதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பிரட்போர்டு ஒன்றை எடுத்து, பி.சி.547 டிரான்சிஸ்டர், ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர், செட்டுக்குப் பதிலாக ஒரு சிவப்பு எல்.இ.டி. என்று அடுக்கினார். பேஸ் கம்பியை ஜி.பி.ஐ.ஓ. 4இல் சொருகி, பையை ஆன் செய்தார். எந்த நிரலும் ஓடவில்லை. கணினி இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை. எல்.இ.டி. எரிந்தது! கம்பியை 17க்கு மாற்றி மறுபடி ஆன் செய்தார். எரியவில்லை.

காரணம் சில்லுக்குள் இருக்கிறது. ஆன் ஆகும் நேரத்தில் ஜி.பி.ஐ.ஓ. 0 முதல் 8 வரையிலான பின்கள் உள்ளிருக்கும் ஒரு ரெசிஸ்டரால் மேலே, 3.3 வோல்ட் பக்கம் இழுக்கப்படுகின்றன. 9 முதல் 27 வரை கீழே இழுக்கப்படுகின்றன. மேலே இழுக்கும் ரெசிஸ்டர் சுமார் 50 கிலோ ஓம்தான். அதன் வழியே கசிவது 50 மைக்ரோ ஆம்பியர். ஆனால் டிரான்சிஸ்டர் அதை இருநூறு மடங்கு பெருக்கினால் 10 மில்லிஆம்பியர். செட்டை அழுத்த அது தாராளம். அதாவது தவறான பின்னில் கட்டிவிட்டால், கரண்ட் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் யாரும் கேட்காமலே செட் பரப்பத் தொடங்கிவிடும். ஆப்டோகப்ளரின் எல்.இ.டி.க்கு இந்தக் கசிவு போதாது. டிரான்சிஸ்டர்தான் வேண்டும் என்றால் 9க்கு மேற்பட்ட பின்னாகப் பார்த்து எடுத்து, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்றையும் போட வேண்டும்.

அடுத்த சோதனை இன்னும் முக்கியம். சின்ன பைத்தான் நிரல் ஒன்றை ஓட்டி எல்.இ.டி.யை எரிய வைத்தார். எரியும்போதே இன்னொரு திரையிலிருந்து நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தினார். நிரல் செத்துவிட்டது. எல்.இ.டி. எரிந்துகொண்டே இருந்தது. எரி என்று சொன்னவன் போய்விட்டான், அணை என்று சொல்ல ஆள் இல்லை. பின் கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை பட்டனை அழுத்துவதோடு முடிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் அது பாதி வேலைகூட இல்லை. எஃப்.எம். செட் ஒன்று அழுத்தியபடி மாட்டிக்கொண்டால், அந்த அலைவரிசையில் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் பேச முடியாது. சாதாரண நாளில் அது எரிச்சல். புயல் நாளில் “இங்கே ஆள் மாட்டியிருக்கிறார், படகு அனுப்புங்கள்” என்ற குரலை அது மூடிவிடும். உதவிக்கென்று வைத்த கருவியே உதவியை மறிக்கலாம் என்ற நினைப்போடுதான் இதைக் கட்ட வேண்டும்.

அவர் கட்டியிருப்பது அப்படித்தான். செட்டின் மெனுவிலேயே டைம் அவுட் இருக்கிறது. 15 நொடியிலிருந்து 600 நொடி வரை வைக்கலாம். அவர் வைத்திருப்பது 15. அவருடைய பாக்கெட் ஒரு நொடி சொச்சத்தில் முடிந்துவிடும் என்பதால் அதுவே தாராளம். பைக்குள் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் இருக்கிறது. 15 நொடிக்குள் இயங்குதளம் ‘இருக்கிறேன்’ என்று தட்டிச் சொல்லாவிட்டால் கணினியை அதுவே ரீசெட் செய்துவிடும், பின்னும் கீழிறங்கிவிடும். ஆனால் நிரல் மட்டும் செத்து இயங்குதளம் உயிரோடு இருந்தால் வாட்ச்டாக் ஏமாந்துபோகும். அதற்காக மூன்றாவதாக ஒரு கெப்பாசிட்டர் சுற்று செய்துகொண்டிருக்கிறார். அதில் பின் நிலையாக மேலே நின்றால் ஒன்றும் நடக்காது. நிரல் அதை விடாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் செட் அழுந்தும். நிரல் செத்த நொடி ஆட்டம் நிற்கும், செட் விட்டுவிடும். பலகையில் இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பாதி சால்டர் செய்திருந்த இந்தச் சுற்றுதான்.

ஒலிப் பக்கம் சிக்கல் குறைவு. பையில் மைக் உள்ளீடு கிடையாது, அதனால்தான் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு. டயர் உல்ஃப் என்ற இலவச மென்பொருள் தகவலை 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளாக மாற்றி அனுப்புகிறது. ஏ.பி.ஆர்.எஸ். என்று ஹாம்கள் சொல்லும் முறை இது; அமெரிக்காவின் பாப் புரூனிங்கா உருவாக்கியது. பட்டனை அழுத்தியதும் செட் முழுதாக எழ நேரம் வேண்டும் என்பதால் 300 மில்லிநொடி பொறுத்துத்தான் ஒலி தொடங்கும். ஓர் எச்சரிக்கை: பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்கிறவர்களுக்குப் புதிய இயங்குதளத்தில் பின் அசையாமல் போகலாம். லினக்ஸ் 6.6 கெர்னலில் பழைய முறைப்படியான எண்கள் 512இலிருந்து தொடங்குகின்றன. 17 என்பது அங்கே 529. புதிய ஜி.பி.ஐ.ஓ.டி. முறைக்கு மாறிவிடுவதே நல்லது.

பேசுவதற்கு முன் கேட்க வேண்டும் அல்லவா? பாவோஃபெங்கில் சேனல் பிஸி என்று சொல்லும் கம்பி வெளியே வருவதில்லை; சவுண்ட் கார்டில் வரும் ஒலியை வைத்தே டயர் உல்ஃப் முடிவு செய்கிறது, இன்னொரு நிலையத்தின் டேட்டா கேட்டால் காத்திருக்கிறது. வண்டிகளில் பொருத்தும் செட்டுகள் பலவற்றில் அந்தக் கம்பி தனியாக உண்டு. அதைப் பையின் உள்ளீட்டுப் பின்னுக்குக் கொண்டுவரும்போது 5 வோல்ட்டை 1.8 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம் இரண்டால் பிரித்து 3.2க்கு இறக்க வேண்டும்.

கடைசியாக, செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனாவைப் பலகையிலேயே மாட்டி ஒருமுறை முழு சக்தியில் பரப்பிக் காட்டினார். சவுண்ட் கார்டு திரையிலிருந்து காணாமல் போனது, மவுஸ் உறைந்தது. செட்டின் அலையே கம்பிகள் வழியாகக் கணினிக்குள் ஏறிவிட்டது. யு.எஸ்.பி. கம்பியில் ஃபெர்ரைட் வளையங்களை மாட்டி, ஆன்டெனாவை மாடிக் கம்பத்துக்கு மாற்றிய பிறகு அதே சக்தியில் எல்லாம் அமைதியாக ஓடியது.

இதைச் செய்து பார்க்க ஆசைப்படும் வாசகர்கள் முதலில் உரிமம் வாங்குங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது முடிந்தவர்கள் எழுதலாம். உரிமம் வரும்வரை செட்டுக்குப் பதிலாக ஓர் எல்.இ.டி.யை வைத்து முழு நிரலையும் எழுதிச் சோதிக்கலாம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. கணினியை ஆன் செய்யும்போதும், நிரலைக் கொல்லும்போதும், வயரைப் பிடுங்கும்போதும் அந்த எல்.இ.டி. அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் டம்மி லோடுடன் செட்டை இணையுங்கள், டைம் அவுட்டை வையுங்கள். ஆன்டெனாவை அதன் பிறகு மாட்டுங்கள்.